பாதிச் செபம்

தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ முக்கிலேயே நின்றுவிட்டது. ஞானபூரணி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் ஓடவில்லை. ஓடினால் "இந்த வயசுல என்ன குதியாட்டம்" என்று கேட்க ஆள் இல்லை, மெதுவாக நடந்தால் "தேர் வருது, வழி விடுங்க" என்று சொல்லவும் ஆள் இல்லை. தனக்குப் பிடித்த வேகத்தில் நனைந்துகொண்டே நடந்தாள். அதற்கும் சேர்த்து ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள்.

மானகிரியில் அவள் வீட்டின் முகப்பில் ஒரு பளிங்குப் பலகை உண்டு. சகாய ஆண்டனி, எம்.எஸ்ஸி., பி.எட். புருஷன் கல்லறைக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பட்டங்கள் மட்டும் வாசலை விட்டு நகர்வதாக இல்லை.

எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி சாவியோடு வந்தாள். வயலும் மாடுமாகக் கிடக்கிறவள், பாம்பு என்றாலும் கம்பை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள். அவள் அன்றைக்கு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்க வாத்தியாரம்மா. கோயம்புத்தூர்ல மக வீட்டுச் சோறு ஒடம்புல நல்லா ஒட்டியிருக்கு. முகமே தெளிஞ்சிருச்சே!"

"உள்ள வா பொன்னுத்தாயி. ஏன் மழையில நிக்கிற?"

"இருக்கட்டும், நா இங்குட்டே நிக்கிறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கூட்டிப் பெருக்க ரெண்டு தடவ உள்ள போனேன். அதுக்கு மேல போகல. ஒங்க மாதா படத்தத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாடி வாத்தியாரு சிரிச்சாக."

எப்படிச் சிரித்தார் என்று ஞானபூரணி கேட்கவில்லை. சகாய ஆண்டனிக்கு இருந்தது ஒரே சிரிப்புதான்.

அதற்கு வாய் தேவையில்லை. வாயால் சிரிப்பதெல்லாம் கணக்குப் போடத் தெரியாத ஜனங்களுக்கு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மூக்குப்பொடி போட்டுப் போட்டு ஈரமேறிய மூக்கிலிருந்து "ஹும்" என்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். ஃபெயிலான பையனுக்கு அது, சாமியாரின் பிரசங்கத்துக்கு அது, இவள் வைத்த சாம்பாருக்கும் அதுதான். ஒருமுறை கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்க இவளைக் கேட்டார்கள். சந்தோஷத்தில் அடுப்படியில் நின்று சத்தமாகப் படித்துப் பழகினாள். கூடத்திலிருந்து அந்த "ஹும்" வந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் தன் முகம் சுருங்கிப்போனதை அவளே பார்த்தாள். தொண்டை வலி என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டாள். அந்தத் தொண்டை வலி அதற்குப் பிறகு சரியாகவே இல்லை.

சாகும்போதாவது மனுஷன் மாறினாரா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து, "ஒங்களுக்காகச் செபம் சொல்றேங்க" என்றாள். மூக்கு வழியே "ஹும்" என்று ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்த மூச்சு உள்ளே வரவில்லை. படிப்பும் பட்டமும் மிதப்பும் எல்லாம் சேர்ந்து கடைசியில் பெண்டாட்டிக்கு விட்டுப்போன சொத்து அந்த அரை மூச்சுதான்.

துஷ்டி விழுந்த அவள் வீட்டில் முப்பது நாள் செபமாலை சொல்ல அன்பியத்துப் பெண்கள் தினமும் மாலையில் வந்தார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஒருவர் முன்நின்று மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். தொண்டை கட்டிய ஒருத்தி ஒருநாள் ஞானபூரணியைத் தொடங்கச் சொன்னாள். பயந்து பயந்து பாதியைச் சொல்லி நிறுத்தினாள். கூடம் நிறைந்த பெண்கள் ஒரே குரலில் மீதியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனுஷி சொன்னதை இத்தனை பேர் மதித்து முடித்துக்கொடுப்பார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அன்றைக்குத்தான் அவளுக்கு விசுவாசம் வந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். சர்க்கரை குறைத்த காபிக்கும், தன் இஷ்டப்படி சுற்றும் ஃபேனுக்கும்கூடச் சொன்னாள்.

கணவரை இழந்த பிறகு ஞானபூரணிக்குப் பெரிய விசுவாசம் வந்திருக்கிறது என்று பங்குக் கோவில் ஜனங்கள் மெச்சினார்கள். இழந்ததால்தான் வந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "சார் மேல இருந்து ஒங்களையே பாத்துக்கிட்டு இருக்காக" என்று கையைப் பிடித்து உருகினவர்களும் உண்டு. பார்க்காமல் இருந்தால் கோடி புண்ணியம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தலையாட்டினாள்.

இப்போது மகள் வீட்டை விட்டுத் திரும்பி வந்ததற்கும் காரணம் இருந்தது. அன்பியப் பொறுப்பை ஃபாதர் அவளிடம் கொடுத்திருந்தார். சாவு விழுந்த வீடுகளுக்குப் போய்ச் செபம் நடத்த வேண்டும், தாலி இழந்து உட்கார்ந்திருப்பவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அறுபது வயதில் தன்னால் ஆகிற ஒரு காரியம் கிடைத்ததை நினைத்தால் அவளுக்கு அழுகையே வந்தது. மறுநாள் முதல் வீடு, வின்சி வீடு. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, புருஷன் பைக்கில் போனவன் பெட்டியில் வந்தான்.

பொன்னுத்தாயி போனதும் கதவைச் சாத்தினாள். பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்கம். கரப்பான் மருந்து. நனைந்த சுவர். அதற்கெல்லாம் அடியில் காரமாக, மூக்கின் நுனியைத் தொடுகிற மாதிரி இன்னொரு வாசனை.

மூக்குப்பொடி.

அலமாரியைத் திறந்து பார்த்தாள். அவருடைய பொடி டப்பாவை அவளே கோயம்புத்தூருக்குப் போகும் முன் குப்பையில் போட்டிருந்தாள். எங்கேயாவது மேஜை இடுக்கில் சிந்தியிருக்கும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்தபோது மின்சாரம் போனது. மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தியை ஏற்றி, தரையில் பாய் போட்டு, செபமாலையைக் கையில் எடுத்தாள். வெளியே மழை ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

முதல் பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

தனியாகச் சொல்லும்போது இரண்டு பாதியையும் நாமே சொல்ல வேண்டும். ஆனால் இதே கூடத்தில், இதே இடத்தில் முன்நின்று சொன்ன பழக்கம் அவள் வாயை நிறுத்திவிட்டது. யாரும் இல்லாத கூடத்தில், பெண்கள் பின்பாதியைச் சொல்லுகிற நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

மழை சத்தம்.

திரி பொரிகிற சத்தம்.

"ஹும்."

முதுகுக்குப் பின்னால் அவருடைய சாய்வு நாற்காலி இருந்த இடம். நாற்காலியை மகள் யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஞானபூரணி திரும்பிப் பார்த்தாள். வெறும் தரையும் அதன் மேல் மெழுகுவர்த்தி வெளிச்சமும்தான் இருந்தன.

பல்லியாக இருக்கும். அடுத்த மணியை விரலில் உருட்டினாள். பாதியைச் சொன்னாள். இந்தத் தடவை நிறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னாள். நாக்கு தானாக நின்றது.

"ஹும்."

பல்லிக்குப் பொடி வாசனை வராது.

நிறுத்தாமல், மூச்சு விடாமல், இரண்டு பாதியையும் ஒட்டிச் சேர்த்துக் கடகடவென்று சொன்னாள். இடைவெளி இருந்தால்தானே நுழைய முடியும்! ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. நெஞ்சு அடைத்தது. மூச்சு இழுக்க ஒரு கணம் வாயை நிறுத்தினாள்.

"ஹும்."

இப்போது காதுக்குப் பக்கத்தில். ஈரமாக.

அவள் அழுதிருக்க வேண்டும், அல்லது பொன்னுத்தாயியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பயத்தின் அடியிலிருந்து வேறொன்று பொங்கி வந்தது. எத்தனை வருஷக் கோபம்! வாசகம் வாசிக்காமல் போன கோபம், பாடாமல் போன பாட்டின் கோபம். மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"செத்தும் ஒமக்குப் புத்தி வரலையா?" என்றாள். அவரை அவள் 'ஒமக்கு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "கல்லறையில கொண்டு வச்சாகளே, அங்க கெடக்க வேண்டியதுதான? அங்கயும் ஒம்ம யாரும் மதிக்கலையோ? ஒம்ம சாவுக்கு நா ஏன் அழுதேன்னு நெனச்சீரு? விட்டுச்சே சனியன்னு அழுதேன்!"

கூடம் கம்மென்று கிடந்தது. எவ்வளவு சின்ன மனுஷன்! செத்த பிறகும் ஒரு கிழவி செபம் சொல்வதைக் கெடுக்க வந்து நிற்கிற மனுஷன். இந்த ஆளுக்கா இத்தனை காலம் பயந்தோம் என்று நினைத்ததும் அவளுக்கு இளக்காரமாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. அவளும் சிரித்தாள்.

மூக்கால்.

"ஹும்."

சிரித்து முடித்து மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். காரம் சுருக்கென்று மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கோத்தது. அதோடு வாசனை நின்றுவிட்டது. கூடத்தில் மழையின் ஈரமும் மெழுகும் மட்டும்தான் மணந்தன. செபமாலையை நிதானமாக, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எதுவும் குறுக்கே வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தாள்.

காலையில் பொன்னுத்தாயி பாலோடு வந்தாள். ஒரு காலைத் தயங்கித் தயங்கி உள்ளே வைத்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அட, வீடு இன்னைக்கு வெறும் வீடாட்டம் இருக்கே" என்று சிரித்தாள். ஆனால் பால் செம்பைக் கொடுக்கக் கிட்டே வந்தவள், ஏனோ அதைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

மாலையில் வின்சி வீட்டுக் கூடம் பெண்களால் நிறைந்திருந்தது. சுவரோரம் மாலை போட்ட படம். இருபத்தைந்து வயதுப் பையன், கல்யாணச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். ஞானபூரணி வின்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். தனக்கு யாரும் சொல்லாத நல்ல வார்த்தையை இந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தானே இந்தப் பிழைப்பு மிஞ்சியிருக்கிறது!

வின்சி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, நா அவுகளுக்காகச் செபிக்கிறேன். கேக்குமா அவுகளுக்கு? கேக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

எவ்வளவு சுலபமான பதில். கேட்கும்மா. அவ்வளவுதான். ஞானபூரணிக்குக் கண் கலங்கியது, அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள், சொல்வதற்கு மூச்சை இழுத்தாள்.

மூச்சு வெளியே வந்தது.

வாய் வழியாக இல்லை.

"ஹும்."

கூடத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வின்சி கையை மெல்ல உருவிக்கொண்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஞானபூரணிக்கு அந்த முகம் தெரியும். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்.

"சளிம்மா... மழையில நனைஞ்சது" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவசர அவசரமாகச் செபமாலையைத் தொடங்கினாள். முதல் பாதி முடிந்தது. பெண்கள் ஒரே குரலில் மீதியைச் சொன்னார்கள். வின்சியின் உதடு அசையவில்லை. அவள் ஞானபூரணியின் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா," என்று குசுகுசுத்தாள். "நீங்க பொடி போடுவீகளா?"

ஞானபூரணி குனிந்து பார்த்தாள். வெள்ளை முந்தானையில், மூக்கைப் பொத்தியிருந்த இடத்தில், பழுப்பாக ஈரக் கறை படிந்திருந்தது. காரமாக மணந்தது. பெண்கள் பின்பாதியைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த பாதிக்காக அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.