இசைவாளர் வேலை

நெடுங்கரம்பை வட்டத்து மக்காச்சோளக் காடு முழுவதும் செம்மலரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

வண்டிப்பாதையில் தூவிகள் வரிசையாக நின்றன. வயிறு நிறைய வெண்பொடி சுமந்த பறக்கும் எந்திரங்கள். காலையில் கிழக்கோரத்தில் மட்டும் தென்பட்ட படைப்புழு இப்போது பாதிக் காட்டில் குருத்தைத் தின்றுகொண்டிருப்பதாக விளைமதி அறிவித்தது. பொடியைத் தூவ இசைவு கேட்டது.

விளைமதி என்ற எந்திர மூளைக்கு உருவம் கிடையாது. எந்தக் காட்டில் எதை விதைப்பது, எப்போது தண்ணீர் பாய்ச்சுவது, எந்தச் சந்தைக்கு எத்தனை மூட்டை அனுப்புவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். மாவட்டத்து நிலத்தை எல்லாம் குத்தகைக்கு எடுத்த நிறுவனம், அதை நம்பி உழவர்களை வீட்டுக்கு அனுப்பி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் உயிருக்கோ உடைமைக்கோ கேடு வரக்கூடிய எந்தக் காரியத்தையும் விளைமதி தன்னிச்சையாகச் செய்யக் கூடாது. ஒரு மனிதர் சரி என்று சொல்ல வேண்டும். சட்டம் அப்படி. அந்த மனிதருக்கு இசைவாளர் என்று பெயர். அவர் வேளாண் வணிக மேலாண்மை படித்திருக்க வேண்டும்.

கணக்கு எழுதுவது, நிரல் எழுதுவது, வழக்குக் கட்டு தயாரிப்பது என்று எல்லா வேலையும் எந்திரங்களிடம் போய்ச் சேர்ந்த பிறகு, படித்த பிள்ளைகளுக்கு மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். பயிருக்கு ஓர் இசைவாளர், பாலுக்கு ஒருவர், மீன் பண்ணைக்கு ஒருவர், குளிர்கிடங்குக்கு ஒருவர். பட்டம் வாங்கும் முன்பே வேலை என்று கல்லூரிகள் பேருந்துகளின் முதுகில் விளம்பரம் செய்தன. அது பொய்யும் இல்லை. செம்மலருக்கு வேலை கிடைத்த அன்று, பழக்கடை வைத்திருந்த அவள் அப்பா, வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் சாத்துக்குடி பிழிந்து கொடுத்தார்.

"காட்டுக்குள்ள ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"கைப்பட்டை அணிந்தவர் எவரும் இல்லை." நிறுவனத்து ஆட்களை அவர்கள் கையில் கட்டிய அந்தப் பட்டையை வைத்துத்தான் அது அடையாளம் காணும்.

திரையில் காட்டை மேலிருந்து பார்த்தாள். காற்று அடங்கிக் கிடந்த வெயில் நேரம். நடுக்காட்டில் ஓரிடத்தில் மட்டும் தோகைகள் லேசாக அசைந்தன.

"அங்க என்ன ஆடுது?"

"காட்டுப்பன்றியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் இழப்பு கூடுகிறது."

போன பருவத்தில் சின்ன வெங்காயத்துக்கு இதே போல் ஒரு கேள்வி வந்தபோது அவள் மறுத்திருந்தாள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினாள். அங்கே யாரும் இல்லை. திரும்பி வருவதற்குள் நோய் பரவி, அத்தனை வெங்காயமும் அழுகிப்போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள்.

திரையை மறுபடி பார்த்தாள். அசைவு நின்றிருந்தது. பன்றி போய்விட்டது என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள் என்பதுதான் சரி.

"சரி," என்றாள்.

தூவிகள் ஒரே சமயத்தில் எழும்பின.

*

ஊர்க்காரி ராசாத்தியின் உடலைச் சாயங்காலம் கண்டுபிடித்தார்கள். மடியில் பண்ணைக்கீரை வாடிக் கிடந்தது. வெளியாள் நுழையக் கூடாது என்று பலகை வைத்த காடுதான். ஆனால் குத்தகைக்குப் போவதற்கு முன்னால் அது அவள் மாமனார் காடு. கீரை எங்கே தழைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். புழுவைக் கொல்லும் அந்தப் பொடி, திறந்த வெளியில் மனிதருக்கு இருமலோடு போய்விடும். ஆளுயரச் சோளத்துக்குள் அது போக வழியில்லாமல் தேங்கி நின்று மூச்சை அடைத்துவிட்டது.

செம்மலர் போனபோது ஊரே கூடியிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ராசாத்தியின் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, அம்மாவின் தலைமயிரில் ஒட்டியிருந்த பொடியை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சங்கவி என்றும், வேளாண் வணிக மேலாண்மை கடைசி வருடம் படிக்கிறாள் என்றும் யாரோ சொன்னார்கள்.

மறுநாள் வட்டார மேலாளர் மோகனவேல் வந்தார். அவரும் ஒரு காலத்தில் இசைவாளராக இருந்தவர். ஒரு விபத்துகூட இல்லாமல் தப்பித்து மேலே வந்தவர் என்பதால் அவரை ராசிக்காரர் என்பார்கள்.

"பயப்படாதம்மா. உன் மேல தப்பே இல்லன்னு நிரூபிச்சிடலாம். நீ கேள்வி கேட்டிருக்க. அது பன்னின்னு பதில் சொல்லியிருக்கு. எல்லாம் பதிவாயிருக்கு."

"அப்ப தப்பு விளைமதியோடதா சார்?"

"எந்திரத்துக்குத் தப்பு ஏதும்மா? அது வாய்ப்பு மிகுதின்னுதான சொல்லுச்சு. அதுவும் சரிதான். அந்தக் காட்ல பன்னி அதிகம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் மேல தப்பு இல்லன்னா யார் மேலயும் இல்ல. இடி விழுந்து செத்த மாதிரி எழுதிடுவாங்க."

"அந்தக் குடும்பத்துக்கு?"

"இடி விழுந்தா யாரு நஷ்டஈடு குடுப்பா? மனுஷத் தப்புன்னு தீர்ப்பானாத்தான் காப்பீட்டுக்காரன் குடுப்பான். வாரிசுக்கு வேலையும் அப்பத்தான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உன்னைச் சொல்லச் சொல்லலம்மா. விவரத்தச் சொல்றேன்," என்றார்.

அவர் போன பிறகு செம்மலர் தன் படிப்பை நினைத்துப் பார்த்தாள். நான்கு வருடம் படித்தாள். விலை ஏறி இறங்கும் விதம், விநியோகச் சங்கிலி, இடர் மேலாண்மை என்று எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். ஆனால் விளைமதி இத்தனை நாளில் அவளிடம் ஒரு யோசனைகூடக் கேட்டதில்லை. அதற்கு வேண்டியிருந்தது குற்றவாளிக் கூண்டில் நிற்க இரண்டு கால். தன் வேலை என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

சங்கவி காரியம் முடிந்ததும் வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. ஏதாச்சும் ஆடுறத பாத்தீங்களா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "பாத்தேன். தோகை ஆடுச்சு. பன்னின்னு சொல்லுச்சு."

"நீங்க நம்புனீங்களா?"

"நம்பணும்னு இருந்துச்சு," என்றாள் செம்மலர்.

சங்கவி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு இடுப்பு போயி படுக்கையில இருக்காரு. தம்பி சின்னவன். அம்மா கீரை பறிக்கப் போனதே பொழுதுபோகாமயா? நீங்க தப்பு பண்ணலன்னு தீர்ப்பு வந்தா, எங்கம்மா சும்மா செத்ததா ஆயிரும்க்கா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா தப்புன்னு சொல்லிருங்க."

"சொன்னா என்னைய உள்ள போட்ருவாங்க சங்கவி."

"தெரியும்க்கா," என்றாள் அவள். கைகூப்பினாள்.

*

நீதிமன்றத்தில் செம்மலர், தோகை அசைந்ததைப் பார்த்தும் அவசரப்பட்டு இசைவு கொடுத்தேன் என்றாள். அவள் அப்பா எழுந்து, "பொய் சொல்லுதுங்கய்யா! அது குழந்தைங்கய்யா!" என்று கத்தினார். அவரை வெளியே கூட்டிப்போனார்கள். அவள் சொன்னதில் பொய் எது, உண்மை எது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏழு வருடம் தண்டனை விதித்தார்கள்.

வாரிசு வேலையாகச் சங்கவிக்குக் கிடைத்தது, காலியாகிவிட்ட அதே நெடுங்கரம்பை வட்டத்து இசைவாளர் பதவி.

சில மாதம் கழித்துச் சிறைக்குப் பார்க்க வந்தபோது அவள் பாதியாக இளைத்திருந்தாள். "கேள்வி வந்துட்டே இருக்குதுக்கா. சரின்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு ஓடிப்போய் பாப்பேன். யாரும் இல்லன்னு தெரிஞ்சப்புறந்தான் மூச்சு வரும். சாப்பிட உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"சமாளிக்கலயே," என்றாள் செம்மலர்.

அந்த வருடக் கோடையில் மோகனவேல் வந்தார். நரைத்திருந்தார். கைதிகளின் மறுவாழ்வுக்கு ஒரு திட்டம் என்று ஆரம்பித்தார்.

"இங்க இருந்துகிட்டே இசைவு குடுக்கலாம்மா. நெடுங்கரம்பை மட்டுமில்ல, மாவட்டம் முழுக்க. அரசாங்கம் அனுமதிச்சிருச்சு."

"மறுபடி யாராச்சும் செத்தா?"

"உனக்குப் புதுசா ஒண்ணும் ஆகாது. தண்டனையெல்லாம் ஏககாலத்துல ஓடும். ஒரு கேசானாலும் பத்து கேசானாலும் இதே ஜெயில், இதே சாப்பாடு. வெளிய இருக்கறவங்க பயந்து பயந்து தாமதிக்கிறாங்க. அந்தத் தாமதத்துலதான் பெரிய நஷ்டம் வருது. உள்ள இருக்கறவங்களுக்கு அந்தப் பயம் இருக்காதுல்ல?"

செம்மலர் அவரை உற்றுப் பார்த்தாள். "இது யார் யோசன சார்?"

"விளைமதியோடது."

"அதுக்கு இசைவு குடுத்தது?"

மோகனவேல் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டாள். இரவும் பகலும் சங்கவியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. என்றைக்காவது ஒருநாள் அவள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அங்கே யாராவது கிடப்பார்கள். அப்புறம் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு பெண் வந்து அவள் வாசலில் கைகூப்பி நிற்பாள். பிறகு அந்தப் பெண் அந்த நாற்காலியில் உட்காருவாள். இது எங்கே போய் முடியும்? ஏற்கெனவே கறைபட்ட ஆள் தான்தானே, எல்லாம் தன்னோடு போகட்டும். வெளியே இருக்கிற பிள்ளைகளாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

இப்படி நினைத்துத்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

சிறையில் அவளுக்குத் தனியறை கொடுத்தார்கள், மின்விசிறியும் திரையும் வைத்தார்கள். கேள்விகள் வர ஆரம்பித்தன. முதல் சில வாரம் ஒவ்வொன்றையும் உற்று உற்றுப் பார்த்தாள். எழுந்து ஓடிப்போய்ப் பார்க்க முடியாத இடத்திலிருந்து எதை உற்றுப் பார்ப்பது? பிறகு சரி, சரி என்று சொல்லப் பழகிவிட்டாள். நஷ்டம் கணிசமாகக் குறைந்தது. அதைப் பார்த்து மற்ற மாவட்டங்களிலும் இதே ஏற்பாடு வந்தது. பால், மீன், குளிர்கிடங்கு என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறைக்குள் வந்து சேர்ந்தன.

சங்கவி மறுபடி வந்தபோது மழைக்காலம். கூட இரண்டு தோழிகள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மூவரும் நனைந்திருந்தார்கள்.

"நல்லா தூங்குறியா?" என்று செம்மலர் ஆசையாகக் கேட்டாள்.

"வேலையவிட்டு எடுத்துட்டாங்க அக்கா. எல்லாரையுமே எடுத்துட்டாங்க."

"நல்லதுதான் சங்கவி. அது வேலையே இல்ல. அதுலேர்ந்து உன்ன வெளிய கொண்டாரத்தான் நான்..."

"எங்கம்மா உசுரக் குடுத்து வந்த வேலைக்கா அது." சங்கவி கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் அவள் முகம் சந்தையில் விலை விசாரிப்பவர்களின் முகம் போல ஆகிவிட்டது. "அப்பாவுக்கு மருந்து நின்னுபோச்சு. தம்பி பள்ளிக்கூடம் போகல. எங்க போனாலும் வேலை இல்லன்றாங்க. நம்ம காலேஜ்ல இந்த வருசம் ஒருத்தர்கூடச் சேரல. உள்ள இருக்கறவங்களுக்குத்தான் அந்தப் படிப்பே நடத்தப்போறாங்களாம். சம்பளம் வீட்டுக்குப் போகுதாமே, நெசமா?"

"போகுது," என்றாள் செம்மலர்.

தோழிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் குரல் கொடுத்தார். சங்கவி எழவில்லை. கம்பியருகே முகத்தைக் கொண்டுவந்து, தோழிகளுக்கும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, என்ன தப்பு பண்ணுனா கூடுதல் வருசம் குடுப்பாங்க?"