கடைசி வரி நிரம்பும் வரை

நாளிதழின் மூன்றாம் பக்கத்தின் ஓரப் பத்தியில் இருந்த சொற்களுக்கு அன்று பொருள் இருந்தது. இருக்கக் கூடாது.

செய்தி வந்து சேரும் வரை பக்க வடிவமைப்பு காத்திருக்க முடியாது. அதனால் வராத செய்தியின் இடத்தில் கணினி தானாகச் சொற்களைக் குலுக்கிப் போட்டுப் பத்தியை நிரப்பும். 'பழுப்பு மேசை நிதானம் குடை ஆறாவது' என்று தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஓடும். அலுவலகத்தில் அதற்குப் பெயர் பொய். செய்தி வந்ததும் பொய்யின் மேல் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. பொய்யை யாரும் படிப்பதில்லை. பக்கம் வடிவமைக்கிற அவளும் படித்ததில்லை, கடைசி வரியை மட்டும் பார்ப்பாள். அதில் ஒற்றைச் சொல் தொங்கிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. விசையைத் தட்டுவாள், வேறு சொற்கள் வரும். மறுபடி தட்டுவாள். வரி ஓரத்தைத் தொடும் வரை தட்டுவாள்.

"அழியப்போற பொய்க்கு எதுக்கும்மா இப்படிச் சீவிச் சிங்காரிக்கிறே?" என்று கேட்பார் மெய்ப்புத் திருத்துபவர். தடித்த கண்ணாடி போட்டவர். எல்லோருக்கும் கண்ணாடி அண்ணன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே," என்பாள்.

அன்று பொய் சொன்னது: 'மீன் வண்டி கவிழ்ந்தது பூனைகள் சாலைக்கு வந்தன.' அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் நிருபர் அனுப்பிய செய்தியில் மீன் வண்டி கவிழ்ந்திருந்தது. பூனைகளை விரட்ட முடியாமல் காவலர்கள் திண்டாடினார்கள் என்று ஒரு வரியும் இருந்தது. கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும் வரை அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பக்கங்கள் எல்லாம் கணினியில் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பிரதி. அவள் தேட ஆரம்பித்தாள். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, குளிரூட்டியின் முனகலும், சுவருக்கு அப்பால் அச்சு இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் மெல்லிய அதிர்வும், மையும் காகிதத் தூளும் கலந்து தொண்டையில் படியும் வாசனையும் மட்டும் மிச்சமிருக்கிற நேரத்தில், ஒருபுறம் பொய்யையும் மறுபுறம் மறுநாளின் செய்தியையும் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக ஒட்டிப் பார்த்தாள். பெரும்பாலும் ஒன்றும் ஒட்டவில்லை. சில ஒட்டின. விரிசல் விட்ட பாலம். மேடையில் மயங்கி விழுந்த மேயர். ஒட்டியவை எல்லாமே கடைசியாக நின்ற பிரதிகள். அவள் தட்டித் தள்ளியவை நடக்கவில்லை. வரி அழகாக உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவைத்தவைதான் நடந்திருந்தன.

ஒரு நாளை மட்டும் தேடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அதையும் ஒரு மதியம் தேடினாள்.

அவள் கணவன் லாரி ஓட்டினவன். சரக்கு இறக்கக் காத்திருந்த நேரத்தில் லாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கியவன், கிடங்கு தீப்பிடித்ததில் போய்விட்டான். அவனுடைய செருப்பை மட்டும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழைகிறவன் போல வெளியே கழற்றி விட்டுவிட்டு ஏறியிருந்தான். அதற்கு முந்தைய நாளின் மூன்றாம் பக்கத்தில் பல பிரதிகள் இருந்தன. முதலில் ஏதோ தேர்தல். பிறகு ஒரு கல்யாண ஊர்வலம். பிறகு மழை. மழையின் கடைசி வரியில் ஒரு சொல் தொங்கியது. அதனால் தட்டியிருக்கிறாள். அடுத்தது: 'கிடங்கு எரிந்தது லாரிக்குள் தூங்கியவன் எழவில்லை செருப்பு வெளியே இருந்தது.' வரி ஓரத்தைத் தொட்டு நின்றது. அதை விட்டுவைத்திருக்கிறாள்.

மழையோடு நிறுத்தியிருந்தால் அவன் இருந்திருப்பான். ஒரு சொல் தொங்கியிருக்கும், அவ்வளவுதான். யார் பார்க்கப் போகிறார்கள்? மேசையில் தலையைக் கவிழ்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, அவன் செத்த அன்று வராத அழுகையை எல்லாம் அவள் அழுதாள்.

அவள் சொன்னதை எல்லாம் கண்ணாடி அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "இங்க பாரும்மா. இத்தனை வார்த்தையக் குலுக்கிப் போட்டா நாலு ஒட்டத்தான் செய்யும். ஒட்டாதத நீ கணக்குலயே எடுக்கல. அவர் போன துக்கம் உன்னைப் போட்டு ஆட்டுது."

"செருப்பு எப்படிண்ணே ஒட்டும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன் பிறகு அவள் பொய்யைப் படித்துவிட்டுத்தான் தட்டினாள். ஒரு நாள் 'படகு திரும்பவில்லை' என்று வந்தது. தட்டினாள். காணாமல் போன மாடு கிடைத்தது என்று வந்தது. கடைசி வரி அலங்கோலமாகத் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் படகுத்துறையில் போய் நின்றாள். படகு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், ஒரு தடித்த மனிதர் தன் பையை யாரோ மிதித்துவிட்டதாகச் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார். அவரைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆனால் மாடும் மழையும் வரவர அரிதாகிப் போயின. நல்லது ஒன்று வருவதற்கு முன்னால் நாலைந்து சாவைத் தாண்ட வேண்டியிருந்தது. பிறகு இன்னும் அதிகம். விசையைத் தட்டித் தட்டி விரல் நுனி மரத்துப்போகும். வீட்டில் தூங்கும்போதும் அந்த விரல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் மகள் கல்லூரியிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு வளர்ந்தாலும் அவளுக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பெயர்.

"அம்மா, ஜன்னல் சீட்டு கிடைச்சிடுச்சு. சாப்பிட என்ன இருக்கு?"

"வா, வந்ததும் செஞ்சு தரேன்."

"நீ செய்யறதுன்னா நான் வழியிலேயே ஏதாவது சாப்பிட்டு வந்துடறேன்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல உனக்கு," என்று சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

'வளைவில் ரயில் சாய்ந்தது ஜன்னலோரம் இருந்தவள் அம்மாவிடம் பேசி முடித்திருந்தாள்.'

ஃபோனை எடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. எல்லைக்கு வெளியே. ரயில் நிலையத்துக்குப் பேசினாள், "எந்த வளைவும்மா?" என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை.

தட்டினாள். முதியோர் இல்லத்தில் வாயு கசிந்தது. தட்டினாள். பேருந்து. தட்டினாள். 'ரயில் ஆறாவது பெட்டி பச்சைப் பை பாப்பா என்று கூப்பிடுவார்கள்.'

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. யாரும் விளக்குப் போடவில்லை.

தட்டினாள். 'பள்ளிக்கூடச் சுவர் விழுந்தது முதல் வகுப்பு மூன்றாவது பெஞ்ச் மஞ்சள் ரிப்பன்.' அதற்கு மேல் படிக்க முடியவில்லை. தட்டினாள்.

ரயில்.

தட்டினாள். பள்ளிக்கூடம்.

ரயில்.

பள்ளிக்கூடம்.

வேறு எதுவும் வரவில்லை. பத்தியையே காலி செய்து பார்த்தாள். காலி இடத்தைக் கண்டால் கணினி தானே நிரப்பும். நிரப்பியது. ரயில்.

"மூணாம் பக்கம் என்னாச்சு?" செய்தி ஆசிரியர் கதவோரம் நின்றார். "செய்தி அனுப்பியாச்சு. எடுத்து ஒட்டு. அச்சுக்காரங்க உட்கார்ந்திருக்காங்க."

"ஒரு நிமிஷம் சார்."

"அப்ப நானே ஒட்டிடவா?" அவர் நடந்து வர ஆரம்பித்தார்.

திரையில் ரயில் இருந்தது. பச்சைப் பை இருந்தது. அவள் தட்டினாள். செய்தியை எடுத்தாள். ஒட்டினாள்.

கடைசி வரியை அவள் பார்க்கவே இல்லை.

கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் பேசினாள். "நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு விட்டுடுங்க. சுவர் விழப்போகுது."

"எந்த ஸ்கூலும்மா?"

"தெரியலைங்க. எல்லாத்துக்கும் விட்டுடுங்க. ஒரே ஒரு நாள்."

"யாரு நீங்க? வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா கொடுங்க," என்றது அந்தக் குரல். பிறகு துண்டித்துவிட்டது.

பாப்பா வந்தாள். பச்சைப் பையைத் தூக்கிப் போட்டாள், குறை சொல்லிக்கொண்டே தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டாள், அம்மாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். ரயில் புகையும் வியர்வையும் மணக்கிற அந்தத் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கிடந்தாள். உயிரோடு இருக்கிறது. மூச்சு விடுகிறது. கடவுளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. காலையில் எழுந்ததும் எத்தனை வீடுகளில் தலை சீவி ரிப்பன் கட்டுவார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் சுவர் விழுந்தது.

மதியத்திலிருந்து படங்கள் வரத் தொடங்கின. அவள்தான் கட்டம் போட்டாள், வரிசைக்கு ஐந்தாக. பல்லில்லாத சிரிப்புகள். தலை சாய்த்த ஒரு பையன். கண் இமைத்துவிட்ட ஒரு பெண் குழந்தை. மேலும் கீழுமாக நகர்த்தி எல்லா முகங்களையும் ஒரே அளவில் நிறுத்தினாள். கை தானாக வேலை செய்தது. பக்கத்துத் திரையில் நேற்றைய பிரதி திறந்திருந்தது. அழிக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை.

கண்ணாடி அண்ணன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பொண்ணு படம் விட்டுப்போச்சுன்னு வந்திருக்காங்கம்மா," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. அவளை நேராகப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அந்தத் தாய் முந்தானையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். நடுங்காத கைகள். "இதுல அவ அண்ணனும் இருக்கான். இவள மட்டும் வெட்டி எடுத்துக்க முடியுமா?"

"முடியும்மா."

"சிட்டுன்னு போடுங்க. அப்படிக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பா."

படத்தில் மஞ்சள் ரிப்பன் இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையை அந்தத் தாய் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"நல்லா இருக்கட்டும். நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்."

காலில் விழுந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தாயோ அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து, பக்கத்துத் திரையில் ஒரு விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மூன்றாவது... பெஞ்ச்... மஞ்சள்... ரிப்பன்."

விரல் நகர்ந்தது.

"வயிறு... வலிக்குது... என்றாள்... அம்மா... நம்பவில்லை."

குளிரூட்டி முனகியது.

"இத நான் யார்கிட்டயும் சொல்லலையே," என்றாள் அந்தத் தாய்.

விரல் பக்கத்தின் மேல்மூலைக்குப் போனது. அங்கே பிரதி எடுத்த நேரம் இருந்தது. நேற்று, சாயங்காலம். அதன் அருகில் வடிவமைத்தவள் பெயர்.

"நேத்தா?"

மேசையில் ஃபோன் ஒளிர்ந்து அதிர்ந்தது. பாப்பா. அந்தத் தாய் அதையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, பிடித்த கையை விடாமலே, விரலை அடுத்த வரிக்குக் கொண்டு போனாள்.