ஓப்பலின் தொண்டை

காரை விட்டு இறங்கியதுமே நோரீனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பசியினால் அல்ல. பன்றிக்கறி சுடும் புகையும் வேகவைத்த நிலக்கடலையின் உப்பு வாசமுமாக அலபாமாவின் செப்டம்பர் மதியம் கொதித்துக்கொண்டிருந்தது. கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இந்த வருடத்தின் முதல் ஆட்டம். மைதானத்துக்கு வெளியே கூடாரம் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்த ரசிகர்கள் ஒவ்வொருவராக வந்து வெர்லனைக் கட்டிப்பிடித்தார்கள். அவனுடைய புது மனைவியான நோரீனை ஏற இறங்கப் பார்த்தார்கள். முதல் மனைவி ஓப்பல் செத்துப்போன பிறகு இன்றைக்குத்தான் இவன் இந்தப் பக்கம் வருகிறான் என்று பெருமூச்சு விட்டார்கள். நோரீன் விடியற்காலையில் எழுந்து செய்த உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்றவர்கள்கூட, ஓப்பலின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் தின்றார்கள்.

செத்துப்போன ஒருத்தியோடு போட்டி போடுவது கேவலம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் என்ன செய்வாள்? செத்தவளுக்கு வயதாவதில்லை. அவள் சாலட்டில் உப்பு கூடிப்போவதும் இல்லை.

மைதானத்துக்குள் எண்பதாயிரம் பேர். வெர்லன் இருபத்திரண்டு வருடமாக சீசன் டிக்கெட் எடுத்துவரும் அதே வரிசை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம். வெயிலில் காய்ந்த அலுமினியப் பலகை எல்லோர் தொடையையும் சுட்டது. நோரீன் உட்கார்ந்த இடம் மட்டும் ஈரத்துணி போலச் சில்லென்று இருந்தது.

பின்வரிசைக் கிழவர் ஹாஸ்கெல் குனிந்து அவளுக்குப் பாடம் எடுத்தார்.

"எதிராளி கையில பந்து இருந்தா தொண்டை கிழியக் கத்தணும், அம்மாடி. அவனுங்க ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்குக் கேக்கவே கூடாது. நம்ம பசங்க கையில இருந்தா மூச்சுகூட விடாத. நம்ம சத்தத்துல நம்ம பசங்களே கொழம்பிருவானுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓப்பலின் கரகரத்த குரல் எதிரணிப் பயிற்சியாளரையே தலைதூக்கிப் பார்க்க வைக்கும் என்பதையும் சொன்னார். வெர்லன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவன் தன்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்று நோரீன் நினைத்தாள். இன்றைக்கு ஓப்பலைவிடச் சத்தமாகக் கத்திக் காட்டுகிறேன் என்று அப்போதே முடிவு கட்டினாள்.

எதிரணி பந்தை எடுத்தது. கூட்டம் எழுந்தது. சத்தம் காலடிப் பலகை வழியாக ஏறி முழங்காலை நடுங்க வைத்தது. நோரீன் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

பக்கத்தில் இன்னொரு குரல் கத்தியது.

"மறிச்சு நில்லுங்கடா!"

கரகரத்த பெண் குரல். அவளுடைய காதுக்கு ஒரு சாண் தள்ளி. அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் படிக்கட்டுதான் இருந்தது, அதில் யாரும் இல்லை. புதினா மணக்கும் சிகரெட் வாசம் மட்டும் மெல்ல வந்து போனது.

ஹாஸ்கெலின் முகம் வெளுத்திருந்தது. வெர்லனோ யாரையோ தேடுகிறவனைப் போல நாலு பக்கமும் பார்த்தான். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். ஆனால் அவன் உதட்டில் சிரிப்பு இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். நோரீனுக்குப் பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது. அடுத்த முறை இன்னும் ஓங்கிக் கத்தினாள். அந்தக் குரல் அவளை அமுக்கிக்கொண்டு மேலே போனது. அதற்கடுத்த முறை அது அவள் கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அதன் மூச்சு குளிர்ந்திருந்தது.

கடைசி நான்கு வினாடி. பந்து நம் பையன்களிடம். மூன்று கஜம் தாண்டினால் வெற்றி.

எண்பதாயிரம் பேரும் வாயை மூடினார்கள். கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் சத்தம் கேட்டது.

நோரீன் காலியான படிக்கட்டுப் பக்கம் தலையைச் சாய்த்து, உதடு அசையாமல் கிசுகிசுத்தாள்.

"அவன் இப்போ என்னோட புருஷன். போயிரு."

பலகையின் குளிர் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல்கள் தாமாகவே விலகின.

"மறிச்சு நில்லுங்கடா!"

அந்த நிசப்தத்தில், நோரீனின் வாயிலிருந்து வந்த அந்தக் கரகரத்த குரல் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது. நம் தடுப்பு வரிசையில் இருந்த பையன் ஒருவன் திடுக்கிட்டு, பந்து நகரும் முன்பே பாய்ந்தான். தவறு என்று நடுவரின் மஞ்சள் துணி விழுந்தது. தண்டனையாக நம் அணியை ஐந்து கஜம் பின்னால் தள்ளினார்கள். அடுத்த முயற்சியில் எதிரணி மறித்துவிட்டது. ஆட்டம் போயிற்று.

வரிசை வரிசையாகத் தலைகள் அவள் பக்கம் திரும்பின. கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

யாரும் திட்டவில்லை. ஹாஸ்கெல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த பழைய ஆட்களும் கழற்றினார்கள்.

வெர்லன் அவள் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தினான். இத்தனை நாளாக அவள் ஏங்கிய பார்வை அதுதான்.

"ஓப்பல்," என்றான்.

நான் நோரீன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கார் வரை அவன் அவளுடைய கையை விடவில்லை. வண்டியருகே நின்று கெஞ்சினான்.

"இன்னொரு தடவை பேசு. ஒரே ஒரு தடவை."

பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் இது போய்விடும் என்றும் தோன்றியது. ஆனால் பேசாவிட்டால் அந்தப் பார்வையும் போய்விடும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பல்லைத் தளர்த்தினாள்.

"வீட்டுக்குப் போலாம், கரடிக்குட்டி," என்றது கரகரத்த குரல்.

நோரீன் கேள்விப்பட்டிராத செல்லப் பெயர் அது. வெர்லன் அழுதுகொண்டே சிரித்தான். உள்ளே எங்கேயோ நோரீன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் கார்க் கதவைத் திறந்து, அவளைப் பத்திரமாக உள்ளே உட்காரவைத்தான்.