வெட்டியெடுத்த மூச்சு

பதிவில் மூச்சு ஒன்று கூடுதலாக இருந்தது.

வெண்கலம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் ஓடவிட்டார். "அச்சம் வேண்டாம்" என்றது அவருடைய குரல். அடுத்து அவர் மூச்சிழுக்கும் சத்தம். அது அவருடையதுதான், சந்தேகமில்லை. இத்தனை வருஷம் அதை வைத்துத்தானே பிழைப்பு. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. மெலிசாக, ஈரமாக, தொண்டைக்குள் எதுவோ அடைத்திருக்க, அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வழி தேடுகிற மாதிரி. பிறகு "தடுப்பூசி இருக்கிறது" என்று வெண்கலத்தின் குரல் வாக்கியத்தைக் கம்பீரமாக முடித்துவைத்தது.

"நெஞ்சுச் சளி" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அந்த மூச்சைக் கணினித் திரையில் தேடிப் பிடித்து வெட்டி எறிந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கியும் மனைவியின் உறவினர்களும் மட்டும் பயன்படுத்துகிறார்கள். பற்பசை விளம்பரத்தைக்கூட அரச கட்டளை மாதிரி படிக்கிறார் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் கிண்டலாக 'வெண்கலம்' என்று வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்தாலே "வெண்கலம் பேசுகிறேன்" என்பார், எதிர்முனையில் இருப்பவர் எழுந்து நிற்க வேண்டும் என்பதுபோல.

இப்போது அந்த வெண்கலத்தில் ஒடுக்கு விழுந்திருந்தது. இரண்டு ஊசியும் போட்டபிறகு வந்த கொரோனா. காய்ச்சல், உடம்புவலி, ஒரு வாரப் படுக்கை, அவ்வளவுதான். ஊசி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்காமல் அவரைக் கரையேற்றிவிட்டது. வாசனை மட்டும் திரும்பவில்லை. மாடி ஏறினால் இரைத்தது. படுக்கையறைச் சுவரோடு கட்டிய துணி அலமாரிக்குள் ஒரு நாற்காலி, மைக், மடிக்கணினி. சுற்றிலும் தொங்கும் சட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும். கதவைச் சாத்தினால் நடுப்பகலும் இருட்டு. கூடத்தைப் பூட்டிவிட்டதால் விழிப்புணர்வு அறிவிப்பின் மிச்சத்தை இங்கேதான் முடித்துக் கொடுக்கவேண்டும்.

கூடத்தை ஏன் பூட்டினார்கள் என்பதை அவர் அதிகம் யோசிப்பதில்லை. யோசிப்பதில்லை என்று முடிவு எடுத்திருந்தார்.

மூச்சு வெட்டும் வேலையை அவர் இதற்கு முன் செய்ததே இல்லை. அது ஒலிப்பதிவாளர் தம்பியின் வேலை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, வாக்கியத்துக்கு வாக்கியம் வெண்கலம் வாங்கும் மூச்சையெல்லாம் பொறுக்கி எடுப்பான். கேட்கிறவர்களுக்கு இந்த மனிதர் சுவாசிக்க வேண்டிய அவசியமே இல்லாத பிறவி என்று தோன்ற வேண்டும். "உங்க மூச்சை மட்டும் சேத்து வெச்சா லாரி டயருக்கே காத்தடிக்கலாம்ண்ணே" என்பான்.

அந்தத் தம்பிதான் போய்விட்டான்.

அடுத்த வாக்கியத்தைப் பதிவுசெய்து ஓடவிட்டார். இப்போது அது அவருடைய இழுப்புக்கு முன்னாலேயே கேட்டது. அவர் பேச ஆரம்பிக்கும் முன் யாரோ முந்திக்கொண்டு காற்றை எடுத்துக்கொள்கிற மாதிரி. வெட்டினார். அதற்கடுத்த வாக்கியத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. வெட்ட வெட்ட, வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே முளைத்தது.

"என்னங்க!" கதவுக்கு வெளியே மனைவி. "சூப் வெச்சிருக்கேன். ஆறிப்போனா மறுபடி சுட வெக்க மாட்டேன். ஊசி போட்ட வீரருக்கு இவ்வளவுதான் மரியாதை."

ஊசி போட்டுக்கொண்ட அன்று சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, படம் எடுத்து, 'நான் தயார். நீங்கள்?' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். "ஊசிதானே போட்டீங்க, இமயமலையிலயா ஏறினீங்க?" என்று அன்றைக்கே கேட்டவள் அவள். கேட்டதோடு விடவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்படி அறிவித்த மனிதருக்குக் கொரோனா வரலாமா? வரக்கூடாது. அதனால், கூடத்துக்குக் கடைசியாகப் போன அந்தக் காலையில் தொண்டை கரகரத்தபோது அது கொரோனா இல்லை. உடம்பு கணகணவென்று இருந்தது, அது வெயில். எலும்புக்குள் குடைந்த வலி, தலையணை சரியில்லாதது.

"தொண்டை கட்டினாப்ல இருக்கேண்ணே?" தம்பி கேட்டான்.

"ஐஸ் தண்ணி."

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு கிட்னி மாத்தினதுலேர்ந்து மாத்திரை ஓடுதில்ல, ஊசி எனக்குச் சரியா பிடிக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் கேட்டேன்."

"யார்கிட்ட கேக்குற நீ? ரெண்டு ஊசி போட்டவன்டா நான்."

தம்பி சிரித்தான்; முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. வேலை தொடங்கியது. இரைச்சலை மைக் பிடித்துவிடும் என்பதால் குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். கதவை அடைத்தார்கள். காற்று நுழைய ஊசிமுனை இடமில்லாமல் கட்டிய அறை, குரலுக்கு நல்லது. 'பாதுகாப்பு' என்று சொல்லும்போதெல்லாம் மைக்கில் 'பா' வெடித்தது. தம்பி உள்ளே வந்து, மைக்குக்கும் அவர் வாய்க்கும் நடுவில் குனிந்து, மைக்கின் தாங்கியை நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தான். அவர் இருமலை அடக்கினார். ஒரு தடவை அடக்க முடியவில்லை.

அதற்கும் முன்னால் வேறொன்று நடந்திருந்தது. கண்ணாடி வழியே தம்பி உதட்டை அசைத்துத்தான் சைகை கொடுப்பான். அது அவர்களுக்குள் பழகின முறை. முகக்கவசத்தோடு அவன் சொன்னது புரியாமல் வெண்கலம் இரண்டு தடவை தவறான இடத்தில் ஆரம்பித்து, மானம் போனதுபோல் எரிச்சலடைந்தார்.

"அந்த வாய்க்கோமணத்தக் கழட்டுடா. உன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு வேலை ஓடும்."

தம்பி தயங்கினான். பெரியவர் சொல்கிறாரே என்று கழற்றினான்.

அலமாரிக்குள் வெண்கலம் ஹெட்போனைக் கழற்றினார். போதும் இன்றைக்கு. காதிலிருந்து எடுத்தபிறகும் சத்தம் நிற்கவில்லை.

மெல்ல. ஈரமாக. இழுப்பு; ஒரு தடங்கல்; விடுவிப்பு.

தன்னுடைய மூச்சுதான். வேறென்ன? சோதித்துவிடலாமே என்று வாயை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு அசையாமல் நின்றது. திரையில், மைக் கேட்பதைக் காட்டும் பச்சைக்கோடு மெதுவாக எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

கதவை உதைத்துத் திறந்து வெளியே வந்தார். படுக்கையறையில் சாயங்கால வெயில், கட்டில், ஆறிப்போன சூப். எல்லாம் பழையபடி இருந்தன. அவர் மட்டும் வேர்வையில் நனைந்திருந்தார். கூடவே, இத்தனை நாள் எதையுமே முகராத மூக்கில் திடீரென்று ஒரு வாசனை ஏறியது. சூப்பின் மணமில்லை அது. ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் முகமூடியின் ரப்பர். வெண்கலம் ஆயுளில் அதைப் போட்டதில்லை. ஆனாலும் அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

தொலைபேசி அலமாரிக்குள் அடித்தது.

யார் என்று பார்க்காமலே தெரியும். தம்பியின் மனைவி. துணிக்கடையில் பில் போடும் பெண். முதல் தடவை அவள் அழைத்தது, தம்பியை எரித்த மறுநாள். அழுதுகொண்டே சொன்னாள்: "எங்களால உங்களுக்கும் வந்துடுச்சேண்ணே. மன்னிச்சிடுங்க."

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, முதல்ல எனக்குத்தான்." சொல்லவில்லை. "பரவாயில்லம்மா" என்றார். பெருந்தன்மையாக. வெண்கலக் குரலில். அவளை மன்னித்தார்!

அதிலிருந்து அந்தக் கதை தானாகவே கால் முளைத்து நடந்துவிட்டது. கடைக்குப் போய்ப் பத்துப்பேரோடு பழகினவள்தான் நோயைக் கொண்டுவந்து புருஷனுக்குக் கொடுத்தாள் என்று மாமியார் முடிவுகட்டினாள். பேத்தியைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெற்றவளுக்குப் பிள்ளையை வாசலில் நின்று பார்க்கத்தான் அனுமதி.

மணி விடாமல் அடித்தது. வெண்கலம் அலமாரிக்குள் கால் வைத்தார். எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான். சார்ஜர் கம்பி மைக்கோடு பின்னிக் கிடந்தது. குனிந்து இழுத்தபோது முதுகுக்குப் பின்னால் கதவு தன்னால் வந்து சாத்திக்கொண்டது. இருட்டில் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, போனை எடுத்தார்.

"அண்ணே, நான்தான். அத்தையும் பக்கத்துல இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்." அவள் அவசரமாகப் பேசினாள், தைரியம் தீர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. "எனக்கு டெஸ்ட்டுல ஒண்ணுமே வரலண்ணே, இவங்க நம்ப மாட்டேங்குறாங்க. அவரு கூடத்தைத் தவிர எங்கயும் போகல. அன்னிக்கு உங்களுக்கு உடம்பு எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. எம்பொண்ண எங்கிட்ட விடமாட்டேங்குறாங்கண்ணே."

பின்னாலிருந்து கிழக்குரல்: "அவரு பெரிய மனுஷன். பொய் சொல்ல மாட்டாரு. கேளு."

இருட்டு. திரையில் பச்சைக்கோடு. மூச்சு இப்போது அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவசரப்படவில்லை. காத்திருந்தது.

சொல்லிவிடலாம். ரொம்பச் சின்ன வாக்கியம். சொன்னால் அந்தக் குழந்தை இன்றைக்கே அம்மாவிடம் போய்விடும். சொன்னால் கூடத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். விழிப்புணர்வு அறிவிப்பைக் கையிலிருந்து பிடுங்குவார்கள். 'நான் தயார்' படத்துக்குக் கீழே ஊரே வந்து காறித் துப்பும். வெண்கலம் என்ற பெயரைச் சொல்லவே கூசுவார்கள்.

"எனக்கு அன்னிக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார். குரல் அற்புதமாக வந்தது. காய்ச்சலுக்கு அப்புறம் இவ்வளவு சுத்தமாக ஒருதடவைகூட வரவில்லை. "தம்பிக்குத்தான் ரெண்டு நாளாவே இருமல் இருந்துச்சு. வீட்டுலயே பிடிச்சிருக்கும்."

"கேட்டியாடீ?" என்றாள் கிழவி.

பிறகு அந்த மூச்சு.

இழுப்பு. தடங்கல். விடுவிப்பு.

"அண்ணே..." அவள் குரல் மாறியிருந்தது. "நீங்க ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க?"

"இல்லம்மா. வீட்டுலதான்."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

இழுப்பு. தடங்கல்.

"அய்யோ," என்றாள் கிழவி. அலறவில்லை, கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தவள்போலச் சொன்னாள். "எம்புள்ளடீ. எம்புள்ள மூச்சு. கடைசியா ஆஸ்பத்திரியிலேர்ந்து வீடியோவுல காட்டுனாங்களே, நாம உக்காந்து கேட்டோமே... அதேதான்டீ."

வெண்கலம் இணைப்பைத் துண்டிக்க விரலை நீட்டினார். விரல் வரவில்லை. கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல.

"ஏங்க," என்றாள் தம்பியின் மனைவி. இப்போது அவள் வெண்கலத்திடம் பேசவில்லை. அவருக்கே கூச்சமாக இருந்தது, அடுத்தவன் மனைவியின் அவ்வளவு தணிந்த குரலைக் கேட்க. "ஏங்க, ரொம்பச் சிரமமா இருக்கா? பரவால்ல, மெதுவா. அவரு சொல்லல. நீங்களே சொல்லுங்க. யாரு குடுத்தா உங்களுக்கு?"

மூச்சு நின்றது.

அலமாரிக்குள் முழு அமைதி.

மேடையில் பேசுகிறவனுக்கு, பாடுகிறவனுக்கு, விளம்பரம் வாசிக்கிறவனுக்கு ஒன்று தெரியும்: வாக்கியம் வருவதற்கு முன் ஓர் இழுப்பு வரும். வாக்கியம் எவ்வளவு நீளமோ, இழுப்பும் அவ்வளவு ஆழம்.

வெண்கலத்தின் வாய் திறந்தது.

அவர் திறக்கவில்லை.

தாடை கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. காற்று உள்ளே போனது. விலா விரிந்தது. நிறுத்தப் பார்த்தார். போனது. நெஞ்சுக்குள் இடமில்லை. போனது. எங்கோ ஓர் எலும்பு நகர்ந்தது. கத்த முடியவில்லை, கத்துவதற்கு மூச்சை வெளியே விட வேண்டும். வெளியே கதவை மனைவி தட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

இருட்டில், அவரைச் சுற்றித் தொங்கிய சட்டைகளின் கைகள் ஒவ்வொன்றாக எழும்பி அவர் வாயைப் பார்த்து நீண்டன.