நண்டும் நண்டுகளும்

படகுப் பட்டறையில் அன்று இருந்தவர்கள்: மோட்டார் பழுது பார்க்கும் அம்மா, லாரி ஓட்டும் மாமா, நண்டு, அவள் தம்பி சிண்டு. நண்டுக்கு வயது பதினொன்று. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. பட்டறையில் அது செல்லாது. மேசைக்கு அடியில் ஒரு நிஜ நண்டும் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

“பட்டறையைப் பூட்டிடுக்கா,” என்றார் மாமா. “கடல் வருஷா வருஷம் ஏறுது. ஓடை உன் பின்சுவர்கிட்ட வந்தாச்சு.”

“பூட்டிட்டு?”

“டவுன்ல ஒரு கடையில ஆள் கேக்கறாங்க.”

அம்மாவுக்கு இன்னொருவர் கடையில் நின்று பழக்கமில்லை. ஸ்பானரைத் துடைத்து வைத்தாள்.

“கோடை முடியட்டும். அதுக்குள்ள ஓடை இன்னும் நெருங்கினா லாரியோட வா. ஏத்திடலாம்.”

நண்டு பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். சிண்டு கூடவே ஓடினான்.

பின்னால் சதுப்பு நிலம். இடுப்பளவு புல். கடல்நீர் ஓடை வழியாக உள்ளே ஏறும், பிறகு இறங்கும். ஓடை முடிகிற இடத்தில் மட்டும் புல்லே இல்லை. கரை கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. எங்கு பார்த்தாலும் குழிகள்.

ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு புல்கொத்தை நண்டு பிடித்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. வேரைக் காணோம். அடியிலிருந்த குழிக்குள் ஒரு சின்ன நண்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“உன் சொந்தக்காரங்க வேலைதான்,” என்றான் சிண்டு.

“வாயை மூடிட்டு அந்தக் குச்சியை எடு.”

கரையின் விளிம்பில் குச்சியை நட்டாள். ஓடை நெருங்கினால் முதலில் அதுதான் விழும்.

தண்ணீர் ஏற ஏற மண் களியாகிவிடுகிறது. குழி தோண்டும் நண்டுகளுக்குக் கொண்டாட்டம். அது அவளுக்குப் புரிந்தது. புரியாதது வேறு. பக்கத்து ஓடையிலும் கடல் ஏறுகிறது, அங்கேயும் நண்டுகள் உண்டு. அங்கே மட்டும் புல் எப்படி நிற்கிறது?

விடுமுறை நாளில் இருவரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். நீர் ஏறியது. அதோடு பெரிய மீன்களும் வந்தன. குழியை விட்டு வெளியே வந்த நண்டுகளை லபக் லபக்கென்று விழுங்கின. மற்ற நண்டுகள் குழியை விட்டுத் தலை காட்டவில்லை.

நண்டு எழுந்து தங்கள் ஓடையின் வாய்க்கு ஓடினாள். அங்கே குறுக்கே ஒரு கம்பி வலை. மீன்கள் வந்து அதில் முட்டின, திரும்பிப் போயின.

வலையைக் கட்டியது அம்மா.

“மோட்டாரை ஓடையில ஓட்டிப் பார்க்கறப்ப பாட்டிலும் பையும் மிதந்து வந்து விசிறியில சிக்குது. அதுக்குத்தான் கட்டினேன்,” என்றாள் அம்மா. நண்டு மீன்களைப் பற்றிச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினாள். “நல்லா கட்டியிருக்கேன். நண்டுக்குக் காவல்.”

“எடுத்துடும்மா. குப்பையை நாங்க பொறுக்கறோம்.”

“ரெண்டு நாள் பொறுக்குவீங்க. அப்புறம்?”

“அப்புறமும்.”

“நான் இன்னும் ஒத்துக்கலை,” என்றான் சிண்டு.

“நீயும்தான் பொறுக்கறே,” என்றாள் நண்டு.

அம்மா கம்பி வெட்டும் கத்தரியோடு தானே ஓடையில் இறங்கினாள்.

அது நல்ல வேலை இல்லை. சேறு நாறியது. விடிந்ததும் சாக்கு, மறுநாளும் சாக்கு. சிண்டுவின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது, திருப்பித் தரவில்லை. இவ்வளவுக்கும் முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. கரை இன்னும் கொஞ்சம் சரிந்து குச்சி சாய்ந்தது.

“தள்ளி நட்டுடலாமா? மாமாவுக்குத் தெரியவா போகுது?” என்றான் சிண்டு.

“குச்சி பொய் சொன்னா சுவர் நிக்குமா? சாக்கைப் பிடி.”

கோடை முடிந்தது. மாமா லாரியோடு வந்தார். நண்டு அவரை நேராகப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

குச்சி சாய்ந்துதான் இருந்தது. ஆனால் விழவில்லை. அதைச் சுற்றி விரல் நீளத்துக்குப் புதுப் புல். மாமா குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கையை அறுத்துக்கொண்டார்.

“கடல் ஒண்ணும் இறங்கலையே,” என்றார் விரலைச் சப்பியபடி.

“இறங்காது மாமா. புல் இருந்தா மண்ணைப் பிடிச்சுக்கும். தண்ணி கொண்டு வர்ற சேறும் அதுல தங்கும். வருஷா வருஷம் பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்.”

“அப்ப லாரியைக் காலியா ஓட்டிட்டுப் போகவா?”

அம்மா சுவரோரம் கையைக் காட்டினாள். கூரை வரை குப்பைச் சாக்குகள்.

மாமா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசிச் சாக்கோடு வாசல் தாண்டியவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப பட்டறையைப் பூட்டப் போறதில்லையா?”

“பூட்டுவேனே,” என்றாள் அம்மா. “நீ சொல்லி நான் கேக்காம இருப்பேனா?”

மாமாவின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.