பத்துக்குப் பத்து வாங்கிய பாஸ்வேர்டு

க்ர்ர்ர்ங்... க்ர்ர்ர்ங்... க்ர்ர்ர்ங்!

ஹெட்மாஸ்டர் அறையின் மூலையிலிருந்த இரும்புப் பெட்டி அலறியது.

உள்ளே பதினெட்டு போன்கள். காலை எட்டரைக்கே ஆசிரியர்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். பூட்டும் சாவியும் ஹெட்மாஸ்டருடையது. சட்டமும் அவருடையதுதான்.

"பெத்தவங்க விடாம கூப்பிடறாங்க. எல்லாம் நீங்க பண்ண கூத்து!"

எதிரே நின்ற கணக்கு டீச்சரைப் பார்த்து ஹெட்மாஸ்டர் உறுமினார்.

காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு, கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய பள்ளி ஆப்பில், அவள் ஐடியிலிருந்து பத்தாம் வகுப்புப் பெற்றோர் குரூப்புக்கு ஒரு மெசேஜ். தேர்வில் தோற்ற ஏழு பேரின் பெயர்கள்... கீழே, 'உருப்படாத ஜென்மங்கள்!'

அம்மாவின் போனில் அதில் தன் பெயரைப் படித்த ஒரு மாணவி, பள்ளிக்கு வராமல் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். தேடிப் பிடித்துக் கூட்டி வந்தவர் இதோ, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் இன்ஸ்பெக்டர். அந்த மாணவி அழுகிற சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்டது.

"நான் அனுப்பலை மேடம். அப்போ நான் கேட் ட்யூட்டியில நின்னேன்."

ஹெட்மாஸ்டர் வெள்ளைத் தாள் ஒன்றை நகர்த்தினார்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. கேஸ் இல்லாம முடிச்சிடலாம்."

பன்னிரண்டு வருஷ வேலை... ஒரு தாளில்!

"இருங்க சார்." இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "டீச்சர், உங்க பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும் மேடம்!"

"என்னது?"

"போன மாசம் இணையப் பாதுகாப்புப் பயிற்சி. பாஸ்வேர்டு பலமா இருக்கான்னு மார்க் போடணும், எல்லாரும் தாள்ல எழுதிக் குடுங்கன்னு இந்த ஹெட்மாஸ்டர் சார்தான் சொன்னார். எனக்குப் பத்துக்குப் பத்து. மத்தவங்க பார்த்துக் கத்துக்கணும்னு நோட்டீஸ் போர்டுல வேற ஒட்டினார்!"

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆனா, அன்னிக்கு சாயங்காலமே அதை மாத்திட்டேன். புதுசு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"கேட்டீங்களா மேடம்!" ஹெட்மாஸ்டர் துள்ளினார். "அப்போ இவங்களேதான் அனுப்பியிருக்காங்க!"

"பெட்டியைத் திறங்க சார்," என்றாள் டீச்சர்.

"எ... எதுக்கு?"

"என் பாஸ்வேர்டுல யார் கை வச்சாலும் என் போனுக்குத் தகவல் வரும்."

"சாயங்காலம் பார்த்துக்கலாம். ரூல்னா ரூல்தான்..."

"சாவி!" இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

பெட்டி திறந்தது. டீச்சரின் போனை வாங்கி இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

'காலை 8.49. உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. மாற்றியவர், தலைமையாசிரியர்.'



"போர்டுல ஒட்டின பழைய பாஸ்வேர்டு வேலை செய்யலைன்னதும், ஹெட்மாஸ்டர் ஐடிக்கு இருக்கிற அதிகாரத்தை வச்சுப் புதுசு போட்டிருக்கீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏன்?"

பதில் டீச்சரிடமிருந்து வந்தது.

"பிள்ளைங்க போட்டோ, போன் நம்பர் எல்லாத்தையும் ஒரு டியூஷன் சென்டருக்கு அள்ளிக் குடுத்திருக்கார் மேடம். கல்வி அதிகாரிக்கு எழுதப் போறேன்னு நேத்துதான் சொன்னேன்."

"பொய்! என் ஐடியையும் எவனோ திருடியிருப்பான்! இங்க எல்லார் பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும்..."

பக்கத்து அறையில் அழுகை இன்னும் ஓயவில்லை. சற்று முன்பு டீச்சர் தொடப் போனபோது, அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டிருந்தாள். 

டீச்சர் வெள்ளைத் தாளை ஹெட்மாஸ்டர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"அன்னிக்கு நாங்க எல்லாரும் பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தோம். 'ஹெட்மாஸ்டர் பாஸ்வேர்டை எவனுக்கும் சொல்லக்கூடாது'ன்னு நீங்க மட்டும் தரலையே... அந்தப் பயிற்சியில பாஸானது நீங்க ஒருத்தர்தான் சார்!"