முத்துப்பேச்சியின் சுழியம்

பதினேழாம் கட்டிலின் திரை முப்பத்தொன்று காட்டியது. நாற்பதைத் தொட்டால் மருந்துக்குழாய் தானே திறந்துகொள்ளும். அறுபதைத் தாண்டினால் மருத்துவரின் கைக்கடிகாரம் அதிரும். முப்பத்தொன்றுக்கு எதுவும் நடக்காது. ஆனாலும் முத்துப்பேச்சி காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கையைத் தூக்கினாள்.

“சிஸ்டர், கால் உள்ளுக்குள்ள வெடிக்க மாதிரி இருக்கு. இந்த மாவுக்கட்டக் கொஞ்சம் இளக்கி விடுங்களேன்.”

தலைமைச் செவிலி பெனிட்டா வந்து திரையைப் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை.

முந்தின நாள் உப்பளத்தில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து முத்துப்பேச்சியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஐம்பது வயது. கறுத்து ஒடுங்கிய உடம்பு. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த பாதத்தில் உப்புத்தண்ணீர் அரித்த வெடிப்புகள் இருந்தன.

“முப்பத்தொண்ணுதாம்மா காட்டுது. எலும்பு ஒடஞ்சா இவ்வளவு இருக்கத்தான் செய்யும்.”

“இல்ல சிஸ்டர், இது வேற மாதிரி...”

“எதுத்த கட்டில் டீச்சரப் பாருங்க. அம்பத்தெட்டு. அவங்க ஒரு வார்த்தை பேசுறாங்களா? நடிச்சு ஊசி வாங்குற காலமெல்லாம் போயிருச்சும்மா.”

அவள் சற்று உரக்கத்தான் சொன்னாள். வார்டில் நாலைந்து தலைகள் திரும்பின. கணுக்கால் பிசகிப் படுத்திருந்த கல்லூரி ஆசிரியை, தன் குழாயில் இறங்கும் மருந்தைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்துப்பேச்சியின் முகம் சுருங்கியது. “தப்பா நெனச்சுக்கிடாதிய சிஸ்டர்” என்றாள். பிறகு சேலை முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் கையைத் தூக்கவேயில்லை.

பெனிட்டா கல்நெஞ்சக்காரி அல்ல. வலியை அளக்கும் நோவுமானி வருவதற்கு முந்தைய காலத்தை அவள் பார்த்திருந்தாள். சத்தம் போட்டவர்களுக்கு மருந்து கிடைத்தது. சொல்லத் தெரியாதவர்கள் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிய மிளகளவு சில்லு நரம்புகளின் பேச்சைக் கேட்டு எண்ணாக்கித் தந்தபோது, இனி ஏமாற்றும் இல்லை, ஓரவஞ்சனையும் இல்லை என்று அவள் மனதார நம்பினாள். எண்ணை மீறி மருந்து கொடுக்க ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சிவப்பு விசை உண்டு. ஒன்பது ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட அழுத்தாத செவிலி என்று அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்திருந்தார்கள்.

மாலை நாலு மணிக்கு எண் இருபத்தைந்தானது. பணி முடிந்து கிளம்பும்போது பத்தொன்பது. பார்த்தாயா, தானே இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டே அவள் பேருந்து ஏறினாள்.

மறுநாள் காலை டாக்டர் ஆவுடையப்பன் முத்துப்பேச்சியின் கால்விரல்களைத் தொட்டார். சில்லென்றிருந்தன. நிறமும் மாறியிருந்தது. மாவுக்கட்டுக்குள் தசை வீங்கி, ரத்தம் போக வழியில்லாமல் நெரித்திருந்தது. எண் இறங்கியது வலி குறைந்ததால் அல்ல. வலியைச் சொல்லும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்ததால்.

“நேத்து ஒண்ணும் சொல்லலையா இவங்க?” என்று கேட்டார் டாக்டர்.

பெனிட்டா திரையைப் பார்த்தாள். “முப்பத்தொண்ணு இருந்துச்சு சார்” என்றாள். கேட்டது அதுவல்ல என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று மதியம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. செவிலி விதிப்படியே நடந்திருக்கிறார், குற்றமில்லை என்று எழுதினார்கள். நோவுமானி செய்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் பதிவுகளை விரித்துக் காட்டினார்.

“கருவியிலயும் பிழையில்ல மேடம். ஒவ்வொருத்தர் நரம்பும் ஒவ்வொரு விதம். அதனால சில்லு ஒட்டின முதல் முப்பது நாள் அவங்க இயல்பு வாழ்க்கையக் கவனிக்கும். அந்த இயல்புதான் அவங்களுக்குச் சுழியம். அதுக்கு மேல ஏறுறதத்தான் எண்ணாக் காட்டும்.”

“இவங்களுக்கு எப்ப ஒட்டினது?”

“போன சித்திரையில, தொழிலாளர் முகாம்ல.”

சித்திரை. உப்பு வாரும் காலம். பாதம் புண்ணாகி, இடுப்பு கழன்று, வெள்ளை வெயிலில் கண் எரியும் முப்பது நாட்கள். அதைத்தான் கருவி இவளுடைய ஒன்றுமில்லாத நிலை என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஆசிரியையின் அளவுகோலில் அறுபத்துநாலு என்பது முத்துப்பேச்சியின் பூஜ்யம். அன்றைக்குத் திரை காட்டிய முப்பத்தொன்று, உண்மையில் தொண்ணூற்றைந்து.

யாராவது திட்டியிருந்தால் பெனிட்டாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குற்றமில்லை என்ற தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் பதினேழாம் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள். நாலாம் நாள் போய் அருகில் உட்கார்ந்தாள்.

“என்னை மன்னிச்சிருங்கம்மா. நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்.”

முத்துப்பேச்சி பதறிப்போனாள். “ஐயோ, நீங்க என்ன செய்வீய சிஸ்டர்? மெசின்ல முப்பத்தொண்ணுதான இருந்துச்சு. நான்தான் தாங்கமாட்டாம ஊரக் கூட்டிட்டேன். அன்னைக்கு எல்லாரும் பாக்கயில எனக்கு மானமே போச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்திருக்கணும்.”

கால் போனவள் கூச்சப்பட்டாள். பெனிட்டாவால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சுழியத்தைப் பற்றி எடுத்துச் சொன்னாள். முத்துப்பேச்சி புரியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப இத்தன வருசமும் எனக்கு வலிச்சுக்கிட்டா இருந்துச்சு?”

பெனிட்டா சும்மா இருக்கவில்லை. நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். தான் திரையைப் பார்த்ததையும், காலைப் பார்க்காததையும், எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தியதையும் மறைக்காமல் எழுதினாள். டாக்டர் ஆவுடையப்பனும் கையெழுத்திட்டார். கடிதம் வேலை செய்தது. இரண்டே வாரத்தில் மாவட்டம் முழுவதும் எல்லாருக்கும் பொதுவான ஒரே சுழியம் என்று உத்தரவு வந்தது. பெனிட்டாவே பதினேழாம் கட்டிலில் அதை மாற்றினாள். சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் திரையில் அறுபத்தேழு தெரிந்தது. குழாய் திறந்தது. டாக்டரின் கைக்கடிகாரம் அதிர்ந்தது.

அதே நேரத்தில் உப்பளங்களிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் எண்கள் ஏறின. வேலை செய்துகொண்டிருந்த பல்லாயிரம் பேர் அவசர சிகிச்சை தேவைப்படுவோர் பட்டியலில் வந்து விழுந்தார்கள். மருந்துக் கிடங்கு ஐந்து நாளில் காலியானது. மருத்துவர்கள் அதிரும் கடிகாரங்களைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டார்கள். எண் அறுபதுக்கு மேல் இருப்பவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் இருந்ததால் அளங்கள் ஆளில்லாமல் கிடந்தன. வேலை போனவர்கள் மருத்துவமனை வாசலில் கூடி, எண்ணைக் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆறாம் நாள் புதிய உத்தரவு வந்தது. கடும் உழைப்புப் பிரிவினருக்கு மட்டும் பழைய சுழியமே தொடரும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெனிட்டா பதினேழாம் கட்டிலருகே நின்றாள். இதைச் செய்யக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“வாசல்ல பேசிக்கிட்டாவ, பழையபடி மாத்தப் போறியளாமே” என்றாள் முத்துப்பேச்சி. ஆறு நாளில் முகம் வாடிப்போயிருந்தது. “சீக்கிரம் மாத்துங்க சிஸ்டர். அறுவத்தேழுன்னு பாத்த நாள்லருந்து ஒறக்கமே இல்ல. இடுப்பு, கை, கண்ணு, ஒண்ணு விடாம வலிக்கி. முன்னால இப்படிக் கெடயாது.”

“அது முன்னாலயும் இருந்ததுதாம்மா...”

“இருந்துட்டுப் போகட்டும். எனக்குத் தெரியாமத்தான இருந்துச்சு? உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்.”

கூப்பிய இரண்டு கைகளையும் பெனிட்டாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுழியத்தை மாற்றும் விசையை அழுத்தினாள். அழுத்தியபோது தனக்குள்ளே ஒரு நிம்மதி எழுந்ததையும் அவள் கவனித்தாள். உடம்பெல்லாம் கூசியது.

திரையில் எண் உருண்டு இறங்கி மூன்றில் நின்றது. குழாய் மூடிக்கொண்டது. முத்துப்பேச்சி நீளமாக மூச்சு விட்டாள்.

பெனிட்டா குனிந்து, அறுத்த காலின் கட்டுத்துணியை மெல்லத் தொட்டாள். “உண்மையச் சொல்லுங்கம்மா. வலிக்கா?”

முத்துப்பேச்சி காலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

“இல்ல சிஸ்டர்” என்றாள்.